அலைப் பொம்மைக்குக் கிளிப்பச்சை

கடற்கரையில் ஒரு குரு இருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு சீடர். குருவின் இடுப்பில் கைக்குழந்தை. சீடருக்கு மீசை முழுக்க நரை.

குருவின் பெயர் ஆக்னஸ். அலையேறும் பொம்மைகளைப் பழுது பார்ப்பது அவள் வேலை.

ஒரு முழ நீளப் பலகை, அதன் மேல் முழங்காலை மடித்து நிற்கிற ஓர் ஆள், பலகையின் வயிற்றுக்குள் பேட்டரியும் மோட்டாரும், பின்னால் குட்டி விசிறி. இதுதான் அலையேறும் பொம்மை. கரையில் நின்று ரிமோட்டை அழுத்தினால் அலையைத் தாண்டிப் போகும். மேலே நிற்கிற ஆள் எந்தப் பக்கம் சாய்கிறானோ அந்தப் பக்கம் பலகை திரும்பும். அலை கவிழ்த்தால் தானே நிமிர வேண்டும். நிமிராவிட்டால் அது வெறும் மிதக்கிற பிளாஸ்டிக்.

அலைச்சறுக்குப் பழக வருகிற வெளியூர்க்காரர்கள் அவற்றைக் கொண்டு வருவார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போய்ச் செத்ததும் விட்டுவிட்டுப் போவார்கள். ஆக்னஸ் பொறுக்கிவந்து உயிர் கொடுப்பாள். கொடுக்கக் கொடுக்கக் கை பழகிவிட்டது.

கவிழ்த்துப் போட்ட பழைய ஃபைபர் வள்ளம்தான் அவள் பட்டறைக்குக் கூரை. குறுக்குக் கட்டையில் சேலைத் தொட்டில் தொங்கும். கையால் திருகாணி முடுக்கிக்கொண்டே கால் பெருவிரலால் தொட்டிலை ஆட்டுவாள். ஈயம் பற்ற வைக்கிற வேலை வந்தால் மட்டும் புகை ஆகாதென்று தொட்டில் வெளியே பூவரச மரத்துக்கு இடம் மாறும்.

சீடரின் பெயர் தொம்மை. ஒரு காலத்தில் சொந்த வள்ளம் வைத்திருந்தவர். எஞ்சின் வேலையும் அத்துப்படி. முதுகு போனபின் வள்ளத்தை விற்றுவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒருநாள் அவருடைய பழைய கூட்டாளி ராயப்பனின் வலையில் சாளை மீனோடு ஒரு பொம்மை ஏறி வந்தது. முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. முகத்தில் சிப்பி ஒட்டியிருந்தது. ராயப்பன் அதைத் தொம்மையின் மடியில் தூக்கிப் போட்டார்.

"இந்தாவே, உனக்குக் கூட்டு. இவனும் கடலுக்குப் போவ முடியாதவன்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். தொம்மையும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுப் பொம்மையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

"டீச்சர், இதுக்கு உசிர் வருமா?"

ஆக்னஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் எந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சர் அண்ணாச்சி?"

"கத்துக்குடுக்கிறவ டீச்சர்தான்."

"நான் இன்னும் ஒண்ணும் கத்துக்குடுக்கலையே."

"முன்கூட்டியே கூப்பிட்டு வைக்கேன்."

ஆக்னஸ் பொம்மையை வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். உள்ளே மணல் ஓடியது.

"உசிர் வரும். ஆனா நான் குடுக்க மாட்டேன்."

"பெறவு?"

அவள் பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க."

மறுநாள் தொம்மை வரும்போது கையில் ஒரு பெயின்ட் டப்பா இருந்தது. கிளிப்பச்சை.

அந்தக் கரையில் ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு நிறம் உண்டு. தூரத்தில் புள்ளியாக வரும்போதே பெண்கள் நிறத்தைப் பார்த்து, இன்னார் வந்தாச்சு, உலையை வை என்பார்கள். தொம்மையின் வள்ளம் கிளிப்பச்சை. வாங்கியவர் அதன் மேல் நீலத்தை அடித்துவிட்டார். அன்றிலிருந்து கடலில் கிளிப்பச்சை இல்லை.

பட்டறைக்கும் ஒரு வழக்கம் இருந்தது. பொம்மையைச் சரி செய்தவர் தன் நிறத்தை அதன் சட்டைக்கு அடிக்கலாம். அதுவரை வெள்ளை பிரைமர்தான்.

"எப்ப அடிக்கலாம் டீச்சர்?"

"பொம்மை தானா போவணும். கவுந்தா தானா நிமிரணும். யாரும் தண்ணியில எறங்கி எடுக்காம தானா கரைக்கு வரணும். அன்னைக்கு அடிக்கலாம்."

"சரியா வந்துட்டுன்னு யாரு சொல்லுவா?"

"கடல் சொல்லும்."

டப்பா திறக்கப்படாமல் அலமாரியில் ஏறியது.

தொம்மை கற்றுக்கொண்டார். பழைய ஹவாய் செருப்பை அறுத்துப் பொம்மைக்குக் கால் வைத்தார். கவிழ்ந்தால் நிமிர்வதற்குப் பலகையின் அடியில் கனம் வேண்டும். அதற்கு ஆக்னஸ் கடையில் வாங்கிய இரும்புத் துண்டு வைத்திருந்தாள். தொம்மை தன் பழைய வலையிலிருந்து ஈயக்குண்டுகளைக் கழற்றிவந்து தட்டி நீட்டிப் பொருத்தினார். பொம்மை முன்னைவிட வேகமாக நிமிர்ந்தது.

ஆக்னஸ் அதைப் பட்டறையின் தண்ணீர்த் தொட்டியில் திரும்பத் திரும்பக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"இது எனக்குத் தோணல அண்ணாச்சி. என் பொம்மைக்கும் இதே மாதிரி வச்சுக் குடுங்க."

அன்று சாயங்காலம் தொம்மை முதுகு நேராக நடந்து வீட்டுக்குப் போனார். வலித்தது. இருந்தாலும் நேராகவே நடந்தார்.

சர்க்யூட்டில் உப்பு ஏறாமல் இருக்க நெயில் பாலிஷ் பூச வேண்டும். அதையும் கற்றுக்கொண்டார். டீக்கடையில் ராயப்பன் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்னவே விரல்ல?"

"நெயில் பாலிஷ்."

"யாருக்கு?"

"சர்க்யூட்டுக்கு."

"நல்ல பேரு. எந்த ஊருப் பொண்ணு?"

டீக்கடையே சிரித்தது. தொம்மை டீயை ஊதிக் குடித்தார்.

"திருவிழா அன்னைக்கு பொம்மை ஓட்டுற போட்டி இருக்குல்லா. அன்னைக்கு வந்து பாரு. கிளிப்பச்சை மறுபடி கடல்ல ஓடும்."

சொல்லிவிட்டார். டீக்கடையில் சொன்னால் ஊரிடம் சொன்ன மாதிரி.

ஆக்னஸ் பலகையை மணல் போகக் கழுவி, காய வைத்து, அவரிடம் கொடுத்தாள்.

"இனி உள்ளே எல்லாத்தையும் பொருத்தி மூடுங்க."

மூடுகிற வேலை தொம்மைக்குப் பிடித்த வேலை. அவருடைய வள்ளத்தில் தண்ணீர் கோரி ஊற்றுகிற வாளி எப்போதும் காய்ந்து கிடக்கும். அதைக் காட்டுவதற்காகவே அந்த வாளியில் வெற்றிலை வைத்திருப்பார்.

பலகையைத் திருப்பியபோது மேல்பக்கம், பின்னால், ஒரு சின்ன ஓட்டையைப் பார்த்தார். மிளகு நுழையும். உள்ளே அதே இடத்தில் ரோஸ் நிறப் பலூன் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆக்னஸ் அப்போது பூவரச மரத்தடியில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தொம்மை யோசித்தார். பாவம், ஓட்டையை அடைக்க மறந்துவிட்டாள். பிள்ளை அழுதிருக்கும், எழுந்து போயிருப்பாள். பலூன், போன மாதம் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஊதியது. வெடித்து வந்து ஒட்டியிருக்கும்.

சொல்லலாமா? சொன்னால் அவள் முகம் வாடும். கற்றுக்கொடுக்கிறவளிடம் போய் உன் வேலையில் ஓட்டை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

பலூன் துண்டை உரித்துப் போட்டார். ஓட்டையில் ரெசினை ஊற்றினார். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மேலே பிரைமர் பூசினார். ஓட்டை இருந்த சுவடே இல்லை.

குருவின் மானத்தைக் காப்பாற்றிய நிம்மதியோடு வீட்டுக்குப் போனார்.

பட்டறைத் தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். ஓடியது, கவிழ்ந்தது, நிமிர்ந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"நீங்க மூடினா மூடினதுதான் அண்ணாச்சி," என்றாள் ஆக்னஸ்.

மறுநாள் உச்சி வெயிலில் கடலுக்குக் கொண்டுபோனார். பொம்மையை மணலில் வைத்துவிட்டு, நல்ல அலை வரட்டும் என்று காத்திருந்தார். பிறகு விட்டார். இரண்டு அலை ஏறியது. மூன்றாவதில் பின்பக்கம் தாழ்ந்தது. மோட்டார் முனகி நின்றது. கவிழ்ந்தது, நிமிரவில்லை.

தொம்மை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். வலை காயப்போட்ட நிழலில் ராயப்பனும் ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆவி குளிச்சிட்டு வருதுடோய்," என்றார் ராயப்பன். வெள்ளைப் பொம்மைக்கு அன்றிலிருந்து ஆவி என்றே பெயர்.

மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர்.

தொம்மை எல்லா இணைப்பிலும் சிலிக்கான் பசையை இன்னொரு சுற்றுப் பூசினார். விசிறிக் கம்பிக்கு கிரீஸை அள்ளி அப்பினார். மூடியின் மேல் டேப் ஒட்டினார். தொட்டியில் விட்டார், உலர்ந்து கிடந்தது. கடலில் விட்டார், முன்னைவிட அதிகம் குடித்திருந்தது.

திருவிழாக் கொடி ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போட்டி.

தொம்மை பொம்மையோடு பட்டறை வாசலில் வந்து நின்றார். ஈர வேட்டியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன். தொட்டியில வராத தண்ணி கடல்ல மட்டும் எப்படி வருது? எல்லாத்தையும் அடைச்சிட்டேன். ஊசி நுழைய எடமில்ல."

ஆக்னஸ் பலகையை வாங்கினாள். விளிம்பு நெடுகக் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். மேல்பக்கம், பின்னால், ஓரிடத்தில் கட்டைவிரல் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"சாப்பிட்டீயளா அண்ணாச்சி?"

"நான் என்ன கேக்கேன், நீங்க என்ன கேக்கீய?"

"சாப்பிட்டீயளா?"

"இல்ல."

"மீன் குழம்பு அடுப்புல கொதிக்கு. இருங்க."

அவள் வீட்டுக்குப் போய் ஒரு சில்வர் டப்பாவோடு வந்தாள். ஆவி பறக்கிற சோற்றில் கொதிக்கிற குழம்பை ஊற்றி, அவர் கண்முன்னே மூடியை வைத்து, உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினாள். டப்பாவை அப்படியே தண்ணீர் நிறைந்த பேசினில் வைத்தாள்.

"சூடா இருக்கு. ஆறட்டும். பிள்ளையைத் தூங்க வச்சிட்டு வாரேன்."

தொம்மை காத்திருந்தார். தொட்டில் கிறீச்சிட்டது. ஓய்ந்தது.

"இப்ப சாப்பிடுங்க."

தொம்மை டப்பாவை எடுத்தார். மூடி வரவில்லை. மடியில் இடுக்கிக்கொண்டு திருகினார். வேட்டி நுனியால் பிடித்து இழுத்தார். துருப்பிடித்த எஞ்சின் நட்டையெல்லாம் வெறுங்கையால் கழற்றிய கை அது. கழுத்து நரம்பு புடைத்தது. மூடி அசையவில்லை.

"நல்லா மூடியிருக்கேன்லா," என்றாள் ஆக்னஸ்.

"நல்லாத்தான் மூடியிருக்கீய. பசிக்குது."

"நீங்க மூடினா மூடினது மாதிரி, நான் மூடினாலும் மூடினது."

"டீச்சர், கேலி பண்ணாதீய."

அவள் கரண்டிக் காம்பை மூடியின் விளிம்பில் நுழைத்து லேசாக நெம்பினாள். ப்ஸ் என்று ஒரு சத்தம். மூடி தானாகக் கழன்று அவள் கைக்கு வந்தது.

தொம்மை சோற்றைப் பார்க்கவில்லை. மூடியைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை அந்தச் சத்தம் கேக்கணுமே."

"அதுக்கு இன்னொரு டப்பா சோறு வேணும்."

"காத்து வெளியே போன சத்தமா, உள்ளே போன சத்தமா?"

"நீங்க என்ன நினைக்கீய?"

அவர் விரலை விளிம்பில் வைத்து யோசித்தார்.

"உள்ளே போனது."

"ம்."

"சூடா இருக்கும்போது மூடினீய. ஆறினதும் உள்ளே இருந்த காத்து சுருங்கிட்டு. மூடியைப் பிடிச்சு இழுத்து வச்சுக்கிட்டு."

"ம்."

"தொட்டி நிழல்ல இருக்கு. பொம்மையும் நிழல்ல இருக்கு. கரையில…" தொம்மை நிறுத்தினார். "கரையில சுடுமணல்ல வைக்கேன். கொதிக்கக் கொதிக்கத் தூக்கித் தண்ணியில போடுதேன்."

"ம்."

"அது இழுக்கு. சரி. எங்க வழியா இழுக்கு? நான்தான் எல்லாத்தையும் அடைச்சிட்டேனே."

"விசிறிக் கம்பியை அடைச்சீயளா?"

"அதை எப்படி அடைக்க? அடைச்சா சுத்தாதே. கிரீஸ்தான்…"

அவர் கை விசிறிக் கம்பிக்குப் போனது.

"மத்த எல்லாத்தையும் அடைக்க அடைக்க அது அங்க உறிஞ்சும்," என்றாள் ஆக்னஸ். "சோறு ஆறுது, சாப்பிடுங்க."

தொம்மை சாப்பிட்டார். பாதியில் கை நின்றது.

"டீச்சர், பின்னால ஒரு ஓட்டை இருந்துச்சு."

"ஆமா."

"பலூனும் இருந்துச்சு."

"ஆமா. காத்து சுருங்கினா பலூன் உள்பக்கமா உப்பும். காத்துக்கு எடம் கிடைச்சிரும். தண்ணிக்கு வழி கிடைக்காது."

"நான் உரிச்சுப் போட்டுட்டேன்."

"பாத்தேன்."

"நீங்க மறந்துட்டீயன்னு நினைச்சேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

தொம்மை டப்பாவில் சோற்றைப் பிசைந்தார்.

"டீச்சர் வேலையில ஓட்டைன்னு எப்படிச் சொல்ல? மனசு சங்கடப்படும்லா."

ஆக்னஸ் சிரித்தாள். தொட்டில் அசைந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நிசமாவே மறந்திருந்தேன்னு வையுங்க."

"அதான் நான் அடைச்சிட்டேனே."

"இந்தப் பொம்மையில அடைச்சிட்டீய. எனக்குத் தெரியாது. அடுத்த பொம்மையிலும் மறப்பேன். அதுக்கடுத்ததிலும் மறப்பேன்."

தொம்மை கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

"என் கட்டைவிரலைப் பாத்தீயளா?" என்றார் திடீரென்று. "ரெசின் இன்னும் போவல."

"மண்ணெண்ணெய் அலமாரியில இருக்கு. எடுத்துத் தொடைங்க. பெறவு பலூன் வெட்டுங்க. பச்சை இருக்கு, ரோஸ் இருக்கு."

"பச்சை வேண்டாம். பச்சையை இப்பத் தொடக்கூடாது."

திருவிழா ஞாயிறு. பூசை முடிந்து ஊரே கரைக்கு வந்திருந்தது. அலைச்சறுக்குப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் புத்தம் புதுப் பொம்மைகளை வரிசையாக மணலில் வைத்திருந்தார்கள். பட்டறையிலிருந்து இரண்டு: ஆக்னஸின் மஞ்சள் சட்டை, தொம்மையின் வெள்ளை.

மஞ்சள் சட்டையைக் கரையில் எல்லோருக்கும் தெரியும். கடல் எத்தனை முறை கவிழ்த்துப் போட்டாலும் திரும்பி வந்துவிடும். போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் கோப்பை அதற்குத்தான்.

ஆக்னஸ் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தொம்மைதான் இரண்டு பொம்மைகளுக்கும் பேட்டரி மாட்டினார். தன்னுடையதை மூடினார். மஞ்சளின் மூடியைத் திறந்தவர் மூடாமல் அப்படியே நின்றார்.

உள்ளே, ஓட்டைக்குக் கீழே ஒட்டியிருந்த பலூன் காய்ந்து, நடுவில் கீறியிருந்தது.

பின்னால் ராயப்பனும் ஆட்களும். பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பையன்கள். மேடையில் பங்குச் சாமியார். எல்லோருக்கும் காது இருந்தது.

தொம்மை மூடியைக் கையில் வைத்துத் திருப்பினார். மூடிவிட்டால் மூடியதுதான். பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்?

"டீச்சர்."

"என்ன அண்ணாச்சி?"

"உங்க பலூன் கீறியிருக்கு."

"எங்க?"

"நடுவுல. இப்படியே விட்டா உள்ளே தண்ணி வரும்."

ராயப்பன் எழுந்தே வந்துவிட்டார்.

"என்னவே தொம்மை, டீச்சருக்கே பாடமா? போன வாரம் வரைக்கும் நீ முங்கி முங்கி எடுத்த."

தொம்மையின் காது மடல் சிவந்தது. ஆனால் பலகையை ஆக்னஸிடமே நீட்டிக்கொண்டிருந்தார்.

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிவிட்டு, ஓட்டையில் வாயை வைத்து ஊதினாள். காற்று தடையில்லாமல் போனது.

"ஆமா. நான் பாக்கல."

"புதுசு ஒட்டுவோமா?"

"பசை காய நேரம் கிடையாது. இது இன்னைக்கு ஓடாது."

பால் திரிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். மஞ்சள் பொம்மையையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தாள். வரும்போது முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"மஞ்சளும் போச்சு," என்றார் ராயப்பன். "இனி ஆவிதான் கதி."

வெயில் கொளுத்தியது. பொம்மைகள் எல்லாம் மணலில் கொதித்துக் கிடந்தன. சாமியார் கொடியை அசைத்தார்.

தொம்மை பொம்மையைத் தண்ணீரில் விட்டார். ரிமோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வெள்ளைப் பொம்மை முதல் அலையைத் தாண்டியது. இரண்டாவதில் ஏறி, இடது பக்கம் சாய்ந்து, அலையின் முதுகிலேயே வழுக்கி வந்தது. கரையில் விசில் பறந்தது. பள்ளிக்கூடத்துப் பொம்மை ஒன்று அதற்குள் பின்பக்கம் தாழ்ந்து நின்றுவிட்டது. தொம்மை அதைக் கவனிக்கவில்லை. வள்ளம் ஓட்டும்போது போலக் கால்களை அகட்டி நின்றார்.

"அண்ணாச்சி, தெக்க பாருங்க," என்றாள் ஆக்னஸ்.

தெற்கிலிருந்து ஒரு பெரிய அலை வந்தது. மடிந்து விழுந்தது. வெள்ளைப் பொம்மை அதற்கு அடியில் போனது.

நுரை முழுக்க வெள்ளை. பொம்மையும் வெள்ளை. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

தொம்மையின் விரல் ரிமோட்டில் அசையாமல் இருந்தது. ஒரு பையன் தண்ணீரில் இறங்கப் போனான்.

"எறங்காத," என்றது ராயப்பனின் குரல். "ஒருத்தனும் எறங்கக் கூடாது."

நுரை கலைந்தது. ஓரிடத்தில் மட்டும் கலையவில்லை. அது அசைந்தது. செருப்பு ரப்பர்க் காலில் மெல்ல நிமிர்ந்து நின்றது. விசிறி தண்ணீரைச் சீறியது.

தொம்மை அதைத் திருப்பினார். அடுத்த அலையில் ஏற்றினார். அந்த அலை அதைக் கொண்டுவந்து அவர் கால் பெருவிரலில் முட்டி நிறுத்தியது.

கரை சத்தம் போட்டது. தொம்மை குனிந்து எடுக்கவில்லை. முதுகு அல்ல காரணம். கொஞ்ச நேரம் அது அங்கேயே நிற்கட்டும் என்று விட்டார்.

ராயப்பன் வந்து பொம்மையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வே, இதுக்கு நெறத்தை அடி. வெள்ளையில ஒரு இழவும் தெரிய மாட்டேங்கு. நெஞ்சு வலிச்சுப் போச்சு எனக்கு."

செத்த பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் வந்தான். தலைகீழாகப் பிடித்திருந்தான். தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, எல்லா எடத்துலயும் அடைச்சுதான் விட்டேன். எப்படி தண்ணி வந்துச்சு?"

தொம்மை திரும்பி ஆக்னஸைப் பார்த்தார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியா தம்பி?" என்றார் தொம்மை.

கோவிலில் ஊருக்கே போடுகிற அசனச் சோறு சாப்பிட்டு, ஆட்கள் பிடித்துப் பிடித்துப் பேசியதையெல்லாம் பேசி முடித்து, இருவரும் பட்டறைக்கு வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. பிள்ளை தூங்கிவிட்டாள். ஆக்னஸ் தொட்டிலில் கிடத்திவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள்.

தொம்மை மூடியைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டுத் துழாவினார். விரலை வெளியே எடுத்துக் காட்டினார். காய்ந்திருந்தது.

"கடல் சொல்லிட்டு டீச்சர்."

"கேட்டுது."

"இனி டப்பாவைத் திறக்கலாம்லா?"

"திறங்க."

தொம்மை அலமாரியிலிருந்து கிளிப்பச்சை டப்பாவை இறக்கினார். கத்தியை எடுத்து மூடியின் விளிம்பில் வைத்தார். நெம்ப வேண்டியிருக்கவில்லை. மூடி சும்மாதான் மேலே வைக்கப்பட்டிருந்தது.

உள்ளே பெயின்டில் ஒரு குச்சி நின்றது. மேலே ஏடு படிந்திருந்தது.

தொம்மை ஏட்டைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். குச்சியில் பச்சை காய்ந்திருந்தது.

"இது இப்பத் திறந்தது இல்ல."

"இல்ல."

"எப்பத் திறந்தீய?"

"மஞ்சள் பொம்மையைக் கொண்டுவந்து வச்சேன்லா. அப்ப திறந்து கலக்கி வச்சேன்."

"அப்ப நான் போட்டிக்குப் பொம்மையைத் தண்ணியிலேயே விடலையே."

"விடல."

தொட்டில் கிறீச்சிட்டது. ஆக்னஸ் பெருவிரலால் ஆட்டினாள்.

"டீச்சர்," என்றார் தொம்மை. "ஒருவேளை அது திரும்பி வராமப் போயிருந்தா?"

ஆக்னஸ் குச்சியால் ஏட்டை வழித்து ஓரமாகப் போட்டாள். அடியில் பச்சை பளிச்சென்று இருந்தது. பிரஷை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"போயி எடுத்துட்டு வந்து அடிச்சிருப்போம் அண்ணாச்சி."